விசையை அழுத்தினால் திரை அசையவே இல்லை

கணினி கேள்வி – பதில்

பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, கனமான டெஸ்க்டாப்பை விட்டுவிட்டு ஐ3, ஓபன்பாக்ஸ் போன்ற எளிய விண்டோ மேனேஜருக்கு மாறியவர்களின் கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். கட்டளைகளை ஒலிபெயர்த்து அச்சிட்டிருக்கிறோம். அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் அப்படியே சொல்லியிருக்கிறோம். புள்ளி, கோடு, அடிக்கோடு, இடைவெளி ஒவ்வொன்றும் முக்கியம்.

சிம்மக்கல்லில் சிறிய அச்சகம் நடத்துகிறோம். 2 ஜிபி ராம் உள்ள பழைய கணினியில் டெபியன் லினக்ஸும் ஐ3-யும் போட்டோம். விண்டோஸ் விசையுடன் எண்டர் அடித்தால் கட்டளை அடிக்கும் டெர்மினல் வருகிறது. விண்டோஸ் விசையுடன் 'டி' அடித்தால் திரையின் மேலே புரோகிராம் பட்டியல் வரும் என்றார்கள். எதுவும் வரவில்லை, பிழைச் செய்திகூட இல்லை. முகூர்த்த மாதம், பத்திரிகை வேலை குவிந்து கிடக்கிறது. முதலிலிருந்து இன்ஸ்டால் செய்ய வேண்டுமா?

வேண்டாம். டெர்மினல் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. விண்டோஸ் விசை வேலை செய்கிறது, ஐ3 உங்கள் கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பைப் படிக்கிறது. கோளாறு அந்த ஒரு கட்டளையில்தான்.

விண்டோ மேனேஜரின் வேலை சன்னல்களை அடுக்குவது, நகர்த்துவது, மூடுவது. அவ்வளவுதான். நீங்கள் எதிர்பார்க்கும் பட்டியல் டிமெனு என்ற தனிப் புரோகிராம். 'டி' விசையை அழுத்தியதும் ஐ3 அதைக் கூப்பிடுகிறது. கூப்பிட்ட பெயரில் யாரும் இல்லையென்றால் ஐ3 பேசாமல் இருந்துவிடும். ஆகவே விசையை மறுபடி மறுபடி அழுத்திப் பயனில்லை. அதே கட்டளையை டெர்மினலில் கொடுங்கள், அங்கே அது வாயைத் திறக்கும்:

டிமெனு_ரன்

'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று வந்தால் அந்தப் புரோகிராம் கணினியில் இல்லை. டெபியனில் 'டிமெனு' என்ற பெயரில் தேடி ஏமாந்தவர்கள் உண்டு. அது சக்லெஸ்-டூல்ஸ் என்ற பேக்கேஜுக்குள் இருக்கிறது. இப்படி அடியுங்கள் (சூடோ நிர்வாகி உரிமை தரும், ஆப்ட் பேக்கேஜை இறக்கிப் போடும்):

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் சக்லெஸ்-டூல்ஸ்

முடிந்ததும் விசையை அழுத்திப் பாருங்கள். லாக்அவுட் தேவையில்லை, ரீலோடும் தேவையில்லை.

இது ஏன் விடுபட்டது? டெபியனில் 'ஐ3' என்ற பேக்கேஜ் வேறு, 'ஐ3-டபிள்யூஎம்' என்ற பேக்கேஜ் வேறு. இரண்டாவதில் விண்டோ மேனேஜர் மட்டும்தான். முதலாவது, சக்லெஸ்-டூல்ஸையும் சேர்த்துப் போடுமாறு பரிந்துரைக்கிறது; கட்டாயப்படுத்துவதில்லை. இடம் மிச்சம் பிடிக்க 'நோ-இன்ஸ்டால்-ரெகமெண்ட்ஸ்' என்ற குறிப்போடு போட்டிருந்தால் பரிந்துரைத்தவை எல்லாம் விடுபட்டிருக்கும். உங்கள் கணினியில் திரையைப் பூட்டும் ஐ3லாக்கும் இல்லாமல் இருக்கலாம், அதையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள்.

வேறு எந்தக் கட்டளை காணாமல் போனாலும் அது எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஆப்ட்-ஃபைல் என்ற கருவி உதவும். அதை இன்ஸ்டால் செய்து, 'சூடோ ஆப்ட்-ஃபைல் அப்டேட்' கொடுத்துவிட்டு, 'ஆப்ட்-ஃபைல் சர்ச் பின்/டிமெனு_ரன்' என்று தேடுங்கள். பெயருக்கு முன்னால் 'பின்/' சேர்ப்பது அவசியம். சேர்க்காவிட்டால் அதே பெயரில் இருக்கும் உதவிக் கோப்புகளும் வரிசையாக வந்து திரையை நிரப்பும்.

டெர்மினலில் டிமெனு வருகிறது, விசையில் மட்டும் வரவில்லை என்றால் கதை வேறு. அப்போது இதைக் கொடுங்கள்:

ஐ3-எம்எஸ்ஜி எக்ஸெக் டிமெனு_ரன்

இது கட்டளையை உங்கள் டெர்மினலிலிருந்து ஓட்டாது, ஐ3-யிடம் கொடுத்து ஓட்டச் சொல்லும். அதனால் ஐ3 பார்க்கும் உலகம் எப்படி இருக்கிறது என்று நமக்குத் தெரிந்துவிடும். இதில் டிமெனு வந்தால் விசை வரியில் தப்பு. வராவிட்டால் கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலான பாத்தில் தப்பு. அதற்கு அடுத்த கேள்வியின் பதிலைப் பாருங்கள். வீட்டு அடைவில் எக்ஸ்செஷன்-எரர்ஸ் என்று ஒரு மறைகோப்பு இருக்கும், பெயருக்கு முன்னால் புள்ளி. லைட்டிஎம் போன்ற லாகின் திரை வழியாக நுழைகிறவர்களுக்கு, விண்டோ மேனேஜர் முணுமுணுப்பதெல்லாம் அதில்தான் விழும். அதன் கடைசி வரிகளில் '/பின்/எஸ்எச்: 1: டிமெனு_ரன்: நாட் ஃபவுண்ட்' என்று இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

விசை வரியில் பார்க்க வேண்டியவை: வீட்டு அடைவில் .கான்ஃபிக்/ஐ3/கான்ஃபிக் கோப்பைத் திறந்தால் மேல்பகுதியில் 'செட் $மாட் மாட்4' என்று இருக்கும். மாட்4 என்றால் விண்டோஸ் விசை, மாட்1 என்றால் ஆல்ட். முதல்முறை ஐ3 கிளம்பும்போது இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும்; அவசரத்தில் ஆல்ட்டைத் தேர்ந்துவிட்டு விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். அடுத்து 'பைண்ட்சிம் $மாட்+டி' என்று தொடங்கும் வரி இருக்கிறதா, அதன் முன்னால் # குறி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். திருத்தியபின் 'ஐ3 -சி' கொடுத்தால் (இங்கே சி பெரிய எழுத்து) கோப்பில் தப்பு இருந்தால் வரி எண்ணோடு சொல்லும். பிறகு $மாட்+ஷிஃப்ட்+சி அழுத்தினால் ஐ3 கோப்பை மறுபடி படித்துக்கொள்ளும்.

எளிதில் கண்ணில் படாத ஒன்று: எக்ஸெக் வரியில் கமாவோ அரைப்புள்ளியோ வந்தால் ஐ3 அதை இரண்டு கட்டளைகளாக வெட்டிவிடும். பின்பாதி தெரியாத கட்டளையாகிப் பிழை வரும். அப்படிப்பட்ட கட்டளை முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள்.

ஸ்கிரைபஸ், இங்க்ஸ்கேப் எல்லாம் ஆப்ட் வழியாகப் போட்டிருந்தால் டிமெனுவில் தாமாகவே வரும். மென்பொருள் போடும் இன்னொரு வழியான ஃப்ளாட்பேக் மூலம் போட்டவை வராது. டிமெனு பாத்தில் உள்ள அடைவுகளை மட்டுமே துழாவும், ஃப்ளாட்பேக் அவற்றுக்கு வெளியே வைக்கிறது. அதற்கு டிமெனு_ரன் இருக்கும் இடத்தில் ஐ3-டிமெனு-டெஸ்க்டாப் என்று மாற்றிவிடுங்கள். மெனு கோப்புகளைப் படித்துப் பட்டியல் போடும், பெயர்களும் படிக்கிற மாதிரி இருக்கும்.

திருமங்கலம் வாசகி: பிடிஎஃப் பக்கங்களை இரண்டிரண்டாகச் சேர்க்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, வீட்டு அடைவில் .லோக்கல்/பின்-இல் வைத்திருக்கிறேன். டெர்மினலில் அருமையாக ஓடுகிறது. ஓபன்பாக்ஸ் மெனுவில் சேர்த்தால், அப்படி ஒரு கோப்பே இல்லை என்கிறது. அதே கணினி, அதே ஆள். என்ன வித்தியாசம்?

ஆள் ஒன்றுதான், பாத் இரண்டு. கட்டளையின் பெயரை மட்டும் சொன்னால் கணினி எந்தெந்த அடைவுகளில் தேட வேண்டும் என்ற பட்டியலே பாத். டெர்மினலுக்குள் உங்கள் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லான பாஷ் கிளம்பும்போது உங்கள் பாஷ்ஆர்சி கோப்பைப் படித்து அந்தப் பட்டியலை நீட்டிக்கொள்கிறது. ஓபன்பாக்ஸ் லாகின் திரையிலிருந்து நேரே வருகிறது. பாஷ்ஆர்சி பக்கம் அது போவதே இல்லை.

கண்ணால் பார்த்துவிடுங்கள். டெர்மினலில் 'எக்கோ $பாத்' (பாத் நான்கும் பெரிய எழுத்து) கொடுங்கள். பிறகு மெனுவில் தற்காலிகமாக ஒரு கட்டளை சேருங்கள்:

எஸ்எச் -சி 'எக்கோ $பாத் > /டிஎம்பி/பாத்.டிஎக்ஸ்டி'

மெனுவில் அதைச் சொடுக்கிவிட்டு, உருவான கோப்பைத் திறந்து இரண்டு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள். டெர்மினல் வரியின் தொடக்கத்தில் உங்கள் .லோக்கல்/பின் இருக்கும். மற்றதில் /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின், /யுஎஸ்ஆர்/பின், /பின் என்று பொதுவான அடைவுகள் மட்டும் இருக்கும். உங்கள் ஸ்கிரிப்ட் இருக்கும் தெரு அந்தப் பட்டியலிலேயே இல்லை.

தீர்வு இரண்டு. மெனுவில் ஸ்கிரிப்டின் பெயரை மட்டும் எழுதாமல் /ஹோம் என்று தொடங்கி முழு வழியையும் எழுதுவது ஒன்று. ஒரே ஒரு ஸ்கிரிப்ட் என்றால் இதுவே போதும், நாங்கள் சிபாரிசு செய்வதும் இதைத்தான். ஐந்தாறு ஸ்கிரிப்ட் இருந்தால், டெபியனிலும் உபுண்டுவிலும் வீட்டு அடைவில் .எக்ஸ்செஷன்ஆர்சி என்ற கோப்பை உருவாக்கி ஒரு வரி எழுதுங்கள்:

எக்ஸ்போர்ட் பாத்="$ஹோம்/.லோக்கல்/பின்:$பாத்"

பாத், ஹோம் இரண்டும் பெரிய எழுத்து; சமக்குறியின் இருபுறமும் இடைவெளி கூடாது. பிறகு முழுதாக லாக்அவுட் செய்து திரும்ப நுழைய வேண்டும். ஓபன்பாக்ஸை ரீகான்ஃபிகர் செய்தாலோ ஐ3-யை அதே இடத்தில் ரீஸ்டார்ட் செய்தாலோ பழைய பாத்தே தொடரும். 'கோப்பைத் திருத்தினேன், பலன் இல்லை' என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள்.

ஓபன்பாக்ஸுக்கே உரிய இன்னொன்றும் உண்டு. அது கட்டளையை ஷெல் வழியாக ஓட்டுவதில்லை. குழாய்க்குறி (|), &&, $ஹோம் எதுவும் அதற்குப் புரியாது; அவற்றையும் புரோகிராமுக்குப் போகும் சொற்களாகவே அனுப்பிவிடும். அதனால்தான் மேலே எஸ்எச் -சி போட்டு மேற்கோளுக்குள் எழுதச் சொன்னோம். பாஷில் நீங்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர்கள், அதாவது ஏலியாஸ்கள், எந்த விண்டோ மேனேஜரிலும் வேலை செய்யாது.

முழு வழி கொடுத்தும் ஓடாவிட்டால் 'எல்எஸ் -எல்' கொடுத்து ஸ்கிரிப்டின் அனுமதியைப் பாருங்கள். 'எக்ஸ்' எழுத்து இல்லையென்றால் 'சிஎச்மாட் +எக்ஸ்' கொடுங்கள். கோப்பை விண்டோஸ் நோட்பேடில் திருத்தியிருந்தால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். பிழைச் செய்தியில் பாஷ் என்ற சொல்லை அடுத்து ^எம் என்று தெரியும். அந்தச் சமயம் கணினி தேடுவது பாஷை அல்ல, பாஷ்^எம் என்ற இல்லாத புரோகிராமை. டாஸ்2யுனிக்ஸ் என்ற கருவியைப் போட்டு அந்தக் கோப்பின்மேல் ஒரு தடவை ஓட்டினால் சரியாகிவிடும்.

உசிலம்பட்டியில் பள்ளிக் கணினி அறையில் ஓபன்பாக்ஸ் போட்டிருக்கிறோம். விண்டோஸ் விசையுடன் 'இ' அழுத்தினால் கோப்பு மேலாளர் திறப்பதற்குப் பதிலாக கேஎஃப்எம்கிளையன்ட் இல்லை என்று பெட்டி வருகிறது. அப்படி எதையும் நாங்கள் போடவில்லையே?

நீங்கள் போடவில்லை, ஓபன்பாக்ஸின் மாதிரிக் கோப்பிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. கேஎஃப்எம்கிளையன்ட் கேடிஇ டெஸ்க்டாப்பைச் சேர்ந்தது. கேடிஇ இல்லாத கணினியில் அந்தப் பெயருக்கு ஆள் கிடையாது.

முதலில் மூலக் கோப்பைத் தொடாமல் நகல் எடுங்கள். /இடிசி/எக்ஸ்டிஜி/ஓபன்பாக்ஸ் அடைவில் உள்ள ஆர்சி.எக்ஸ்எம்எல்-ஐ வீட்டு அடைவின் .கான்ஃபிக்/ஓபன்பாக்ஸுக்குள் நகலெடுத்து அதைத் திறந்து 'டபிள்யூ-இ' என்ற கீபைண்டைத் தேடுங்கள். அதற்குள் கமாண்ட் என்ற குறிச்சொற்களுக்கு நடுவே 'கேஎஃப்எம்கிளையன்ட் ஓபன்புரொஃபைல் ஃபைல்மேனேஜ்மென்ட்' என்று இருக்கும். அந்த மூன்று சொற்களையும் அழித்துவிட்டு பிசிமேன்எஃப்எம் என்றோ துனார் என்றோ, எது உங்களிடம் இருக்கிறதோ அதை எழுதுங்கள். 'கேஎஃப்எம்கிளையன்ட்' என்ற ஒரு சொல்லை மட்டும் மாற்றிவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டால், பிசிமேன்எஃப்எம் அவற்றை அடைவுப் பெயர்களாக நினைத்துத் தேடும்.

சேமித்துவிட்டு 'எக்ஸ்எம்எல்லின்ட் --நோஅவுட்' கொடுத்து, இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரை எழுதுங்கள். எதுவும் சொல்லாமல் திரும்பினால் கோப்பு சுத்தம். பிறகு 'ஓபன்பாக்ஸ் --ரீகான்ஃபிகர்'. கட்டளைக்குள் & குறி எழுத நேர்ந்தால் அதை &ஏஎம்பி; என்று எழுத வேண்டும், இல்லையென்றால் எக்ஸ்எம்எல் உடைந்துவிடும். எல்எக்ஸ்டிஇ வழியாக ஓபன்பாக்ஸ் ஓடினால் திருத்த வேண்டியது எல்எக்ஸ்டிஇ-ஆர்சி.எக்ஸ்எம்எல். ஒரு கணினியில் சரிபார்த்துவிட்டு அதே கோப்பை மற்றக் கணினிகளுக்கு நகலெடுத்தால் போதும், ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டாம்.

மேலூர் வாசகர்: ஐ3-க்கு மாறியதிலிருந்து தமிழ்99 வரவில்லை. செட்எக்ஸ்கேபிமேப் கொடுத்துத் தமிழ் விசைப்பலகைக்கு மாற்றினால் தமிழ் வருகிறது, ஆனால் ஐ3-யின் குறுக்குவிசைகள் எல்லாம் செத்துவிடுகின்றன.

இரண்டு கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. கான்ஃபிக்கில் 'டி' என்று எழுதியிருப்பது ஓர் எழுத்தை. தமிழ் விசைப்பலகையை மட்டும் வைத்துக்கொண்டால் அந்த எழுத்தைத் தரும் விசையே பலகையில் இல்லை. ஐ3 எதைப் பிடித்துக்கொள்ளும்? வழக்கமாக அது குறுக்குவிசைகளை முதல் விசைப்பலகையை வைத்துக் கணக்கிட்டுக்கொண்டு, பிறகு எல்லா விசைப்பலகையிலும் செயல்படுத்தும். ஆகவே ஆங்கிலம் முதலில், தமிழ் இரண்டாவதாக இருக்க வேண்டும்: 'செட்எக்ஸ்கேபிமேப் -லேஅவுட் யுஎஸ்,இன்' என்று தொடங்குங்கள். 'இன்,யுஎஸ்' என்று வரிசை மாறினால் மறுபடி அதே கதைதான்.

ஆனாலும் தினமும் தட்டச்சு செய்கிறவர்களுக்கு ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள்தான் நல்லது. அதில் தமிழ் எழுத்தாக மாறும் வேலை விசைப்பலகைக்கு மேலே நடக்கிறது, குறுக்குவிசைகள் தொந்தரவு இல்லாமல் இருக்கும். க்னோமில் ஐபஸ் தானாகவே கிளம்பும். ஐ3-யில் கிளப்புவார் இல்லை. ஐபஸ், ஐபஸ்-எம்17என் இரண்டையும் போட்டு, 'ஐஎம்-கான்ஃபிக் -என் ஐபஸ்' கொடுத்துவிட்டு லாக்அவுட் செய்து நுழையுங்கள். 'ஐபஸ்-செட்டப்' திறந்து தமிழின் கீழ் தமிழ்99-ஐச் சேருங்கள்.

மொழி மாற்ற ஐபஸ் வைத்திருக்கும் விசை விண்டோஸ்+ஸ்பேஸ். விண்டோஸ் விசையை $மாட் ஆக வைத்திருந்தால் ஐ3-யும் அதே சேர்க்கையை மிதக்கும் சன்னலுக்கும் அடுக்கிய சன்னலுக்கும் இடையே தாவ வைத்திருக்கிறது. இரண்டில் ஒன்று தோற்கும், எது என்று நாளுக்கு நாள் மாறவும் கூடும். ஐபஸ்-செட்டப்பில் அதை கண்ட்ரோல்+ஸ்பேஸ் ஆக்கிவிடுங்கள். டிமெனுவைத் திறக்கும்முன் ஆங்கிலத்துக்கு வந்துவிடுவது நல்லது. தமிழில் அடித்தால் எந்தப் புரோகிராமின் பெயரும் பொருந்தாமல் பட்டியல் காலியாகத் தெரியும்.

வாடிப்பட்டி: எங்கள் ஐ3-யில் டெர்மினலே வரவில்லை. எதை வைத்துச் சோதிப்பது?

கண்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அழுத்துங்கள். கறுப்புத் திரையில் லாகின் கேட்கும், பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையுங்கள். 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் எக்ஸ்டெர்ம்' கொடுத்து ஒரு டெர்மினலைப் போட்டுவிட்டு கண்ட்ரோல்+ஆல்ட்+எஃப்7 அழுத்தித் திரும்புங்கள். அங்கே இல்லையென்றால் எஃப்1, எஃப்2 பாருங்கள். டெர்மினல் ஒன்றுக்கு மேல் இருந்து தப்பானது திறந்தால் 'சூடோ அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் --கான்ஃபிக் எக்ஸ்-டெர்மினல்-எமுலேட்டர்' கொடுத்து எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

யானைக்கல் கடைக்காரர்: பிரிண்டர் சேர்க்க எல்பிஅட்மின் கொடுத்தால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்'. அச்சிடும் மென்பொருளான கப்ஸ் போட்டாயிற்று. எஸ்யூ கொடுத்து ரூட் (நிர்வாகி) ஆனபிறகும் அதேதான்.

அந்தக் கட்டளை /யுஎஸ்ஆர்/எஸ்பின் அடைவில் இருக்கிறது. டெபியனில் சாதாரணப் பயனாளியின் பாத்தில் அது கிடையாது. 2019-இல் வந்த டெபியன் 10 முதல், வெறும் 'எஸ்யூ' கொடுத்தால் ரூட் ஆனாலும் பாத் பழையதாகவே இருக்கும். 'எஸ்யூ -' என்று ஓர் இடைவெளியும் கோடும் சேர்த்து அடியுங்கள், அல்லது சூடோ போட்டு ஓட்டுங்கள்.

திருப்பரங்குன்றம் மாணவர்: கல்லூரி ஆய்வகத்தில் ராஸ்பெர்ரி பையைப் புதிய பதிப்புக்கு மாற்றியபின் சன்னல்களை நகர்த்தும் எக்ஸ்டூடூல் கட்டளைகள் ஓடுகின்றன, ஆனால் சன்னல் எதுவும் அசைவதில்லை. திரையைப் படம் பிடிக்க ஸ்க்ராட் போட்டால் கறுப்புப் படம் வருகிறது.

'எக்கோ $எக்ஸ்டிஜி_செஷன்_டைப்' (மூன்று சொல்லும் பெரிய எழுத்து) கொடுத்துப் பாருங்கள், வேலண்ட் என்று வரும். திரையில் சன்னல்களைக் காட்டும் பழைய முறை எக்ஸ்11, புதிய முறை வேலண்ட். ராஸ்பெர்ரி பை ஓஎஸ் 2023 அக்டோபரில் பை 4, பை 5 இரண்டுக்கும் வேலண்டை வழக்கமாக்கியது. 2024 அக்டோபரில் லேப்டபிள்யூசி என்ற விண்டோ மேனேஜரை எல்லா மாடலுக்கும் கொண்டுவந்தது. எக்ஸ்டூடூலும் ஸ்க்ராட்டும் எக்ஸ்11-க்காக எழுதப்பட்டவை. கட்டளை காணாமல் போகவில்லை, அது பேசும் சர்வர்தான் மாறிவிட்டது. படம் எடுக்க க்ரிம், திரை அளவு மாற்ற டபிள்யூஎல்ஆர்-ராண்டர் போடுங்கள். எக்ஸ்டூடூலை நம்பி ஏற்கனவே நிறைய எழுதிவிட்டீர்கள் என்றால், 'சூடோ ராஸ்பி-கான்ஃபிக்' திறந்து அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் எக்ஸ்11-க்கே திரும்பிவிடலாம். அப்போது குறுக்குவிசைகளை ஓபன்பாக்ஸின் கோப்பில் திருத்த வேண்டும், வேலண்டில் இருந்தால் .கான்ஃபிக்/லேப்டபிள்யூசி-க்குள் உள்ள ஆர்சி.எக்ஸ்எம்எல். இரண்டும் ஒரே மாதிரி எழுதப்படுபவை என்பதால் உசிலம்பட்டிப் பள்ளிக்குச் சொன்ன முறை உங்களுக்கும் பொருந்தும்.